பிறர் கையில் நம் பணம்: சூலியா தெருவும் வாடகை வண்டி டெபாசிட்டும்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில் நாசி கண்டார் கடைகளுக்கும் மலிவு விலைத் தங்கும் விடுதிகளுக்கும் நடுவே ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. மோட்டார் சைக்கிள், சைக்கிள், கார், பேருந்துச் சீட்டு, தாய்லாந்து செல்லும் வேன் எல்லாவற்றுக்கும் பல கடைகளில் ஒரே மேசைதான். வண்டி எடுக்க வருபவரிடம் அந்த மேசையில் கேட்கப்படுவது மூன்று: ஓட்டுநர் உரிமம், வாடகை, டெபாசிட். முதல் இரண்டில் தகராறு அரிது. மூன்றாவதில்தான் விடுமுறையின் கடைசி நாள் கசந்துபோகிறது.

இந்தத் தெரு தொடக்கத்திலிருந்தே வந்துபோகிறவர்களின் தெரு. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கிய சில ஆண்டுகளுக்குள் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்கள் இங்கே கடை வைத்துவிட்டார்கள். 1801 அளவில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், கிங் தெரு முனையிலுள்ள நாகூர் தர்காவும் அதற்குச் சாட்சி. சுமார் ஆயிரம் பேர் இங்கே நிலைத்துவிட்டார்கள் என்றும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, உழைத்துக் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்றும் 1794இல் லைட் எழுதினார். இன்று வருகிறவர்கள் சம்பாதிக்க வருவதில்லை, செலவழிக்க வருகிறார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசா இல்லாத நுழைவை அனுமதித்தது. 2024 டிசம்பர் 21 அன்று சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ நேரடி விமானம் விட்டது. தண்ணீர்மலைக் கோயில், பினாங்கு மலை, பாலிக் புலாவ் தோட்டங்கள், தெலுக் பஹாங் கடற்கரை என்று தீவைச் சுற்ற நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வாடகைக் கார் வசதியானது. வெளிநாட்டில் டெபாசிட் கட்டி வண்டி எடுப்பது அவர்களில் பலருக்கு இதுவே முதல் முறை.

கடைக்காரர் டெபாசிட் கேட்பதில் தவறில்லை. பல லட்சம் ரூபாய் பெறுமான வண்டியை முன்பின் தெரியாத ஒருவரிடம் சாவியோடு கொடுக்கிறார். தாய்லாந்து எல்லை சில மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது. சாலைக் கேமரா பிடித்த வேகக் குற்றத்துக்கான சம்மன், வண்டி எடுத்தவர் சென்னையில் இறங்கிய பிறகுதான் கடை முகவரிக்கு வரும். சட்டம் முதலில் பிடிப்பது பதிவேட்டில் பெயருள்ள உரிமையாளரை. டெபாசிட் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்த முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வண்டிக்குச் சேதம் நேர்ந்ததா, அதை யார் செய்தது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மூன்று கேள்விக்கும் விடை சொல்கிறவர் பணத்தைக் கையில் வைத்திருப்பவரே. வழக்குத் தொடுத்தவரும் நீதிபதியும் ஒருவராகிவிடுகிறார். காசு அவரிடம், விமானம் நமக்கு. நியாயப்படி சேதத்தை நிரூபிக்க வேண்டியவர் அவர். ஆனால் பணம் அவரிடம் இருப்பதால், சேதம் நாம் செய்ததல்ல என்று காட்டும் சுமை நம் தலையில் விழுகிறது. டெபாசிட்டைக் காப்பாற்றுவதற்குச் சொல்லப்படும் எல்லா யோசனைகளும், அந்தச் சுமையைச் சாவி வாங்கும் முன்பே எப்படித் தூக்குவது என்பதைப் பற்றியவைதான்.

மலேசியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். அங்குள்ள 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதி வைப்பது பற்றி இந்தியச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்வதை அங்கே 75ஆம் பிரிவு சொல்கிறது. எழுதிய தொகை எதுவானாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்பது அதன் சாரம். 1995இல் செல்வகுமார் எதிர் தியாகராஜா வழக்கில், ஒரு கிளினிக் விற்பனை முறிந்தது தொடர்பாக, உண்மையான இழப்பை நிரூபிக்காமல் அப்படிப்பட்ட தொகையை வைத்துக்கொள்ள முடியாது என்ற நிலையை மலேசிய உச்ச அமைப்பான கூட்டரசு நீதிமன்றம் எடுத்தது. வாடிக்கையாளருக்குச் சாதகமான நிலை அது. 2018இல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. எல்லா நேரத்திலும் உண்மை இழப்பை நிரூபிக்க வேண்டியதில்லை, தொகை நியாயமற்றது என்று காட்ட வேண்டியவர் ஒப்பந்தத்தை மீறியவரே என்றது.

இரண்டும் பெரிய வணிகத் தகராறுகள். ஸ்கூட்டர் கீறலுக்காக யாரும் அந்தப் படி ஏறப்போவதில்லை. ஆனாலும் வாடகை ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வரிகளை இந்தத் தீர்ப்புகளை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தாமதமாகத் திருப்பினால் இவ்வளவு, சாவி தொலைந்தால் இவ்வளவு, காருக்குள் புகைத்தால் இவ்வளவு என்று எழுதி வைத்த தொகைகளை "இது அநியாயம்" என்று பின்னால் வாதாடும் பொறுப்பு இப்போது பெரும்பாலும் நம்முடையது. கையெழுத்துப் போடும் முன் வாதாடுவதே எளிது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றி ஒரு தனிப்பகுதி 2011 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒருதலைப்பட்சமான விதியைச் செல்லாது என்று சொல்ல அது இடம் தருகிறது. நல்ல பகுதி. ஆனால் அதைப் பயன்படுத்த ஊரில் இருக்க வேண்டும்.

டெபாசிட்டாகப் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுப் போவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தென்கிழக்காசியா முழுக்க, மோட்டார் சைக்கிள் வாடகைக் கடைகளில் இந்தப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. "பாஸ்போர்ட்ட வச்சிட்டுப் போங்க தம்பி, காசு வேண்டாம்" என்று கடைக்காரர் அன்பாகச் சொல்லும்போது அது சலுகையாகவே தோன்றும். கையிலுள்ள ரிங்கிட் குறையாது, கார்டும் தேய்க்க வேண்டாம். ஆனால் நாம் வைக்கக்கூடிய டெபாசிட்டுகளில் இதுதான் மிகப் பெரியது. இருநூறு ரிங்கிட் கொடுத்திருந்தால் தகராறின் உச்சவரம்பு இருநூறு ரிங்கிட். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டால் உச்சவரம்பே கிடையாது. மறுநாள் காலையில் விமானம் இருக்கும்போது, பழைய கீறல் ஒன்றைக் காட்டி ஆயிரம் ரிங்கிட் என்றாலும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தாய்லாந்தின் பட்டாயாவிலும் புக்கெட்டிலும் ஜெட் ஸ்கீ வாடகை மோசடிகள் உலகச் செய்தியானது இந்த வழியில்தான்.

சட்டமும் இதற்கு ஆதரவாக இல்லை. இந்தியாவின் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. நம்முடையதல்லாத ஒன்றை நாம் அடகு வைக்க முடியாது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சட்டப்படியான அதிகாரமின்றி இன்னொருவரின் பாஸ்போர்ட்டை வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கும் முதலாளிகளுக்கு எதிராக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பிரிவு அது. தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர்களில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து மாட்டிக்கொண்டவர்களின் கதைகள் நமக்குப் புதியவையல்ல. சுற்றுலாப் பயணி தன் பாஸ்போர்ட்டைத் தானே எடுத்து நீட்டும்போது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது சாதாரணம் என்ற அந்த எண்ணத்துக்குத் தானும் வலுச்சேர்க்கிறார். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நடைமுறை இடையூறுகளும் உண்டு. போலீஸ் சோதனையில் பாஸ்போர்ட் கேட்பார்கள். விடுதியில் பதிவு செய்யக் கேட்பார்கள். கடையில் அது தொலைந்துபோனால் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு ஓட வேண்டும். ஆகவே நகல் கொடுங்கள். நகலின் குறுக்கே தேதியையும் "வண்டி வாடகைக்கு மட்டும்" என்பதையும் எழுதிக் கொடுங்கள். அசல்தான் வேண்டும் என்று கடைக்காரர் பிடிவாதமாக இருந்தால், பணமாகக் கூடுதல் டெபாசிட் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் ஒப்பவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். சூலியா தெருவில் அடுத்த கடை அதிக தூரத்தில் இல்லை. புதுச்சேரியில் வார இறுதிக்கு ஸ்கூட்டர் எடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே கேட்கப்படுவது அசல் ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம். அசல் உரிமத்தைக் கடையில் வைத்துவிட்டு அதே வண்டியை ஓட்டிக்கொண்டு சோதனைச் சாவடியில் நிற்பது எவ்வளவு முரண் என்று யாரும் யோசிப்பதில்லை.

இனிப் பணம். ரொக்கம், வங்கிப் பரிமாற்றம், கார்டு என்று வழிகள் மூன்று. மூன்றும் மூன்று விதமான ஆபத்து.

ரொக்கத்தின் நல்ல குணம், திரும்பும்போது கைக்குக் கை வாங்கிவிடலாம் என்பது. ரசீதில் தொகையும், வண்டி எண்ணும், "திருப்பித் தரப்படும் டெபாசிட்" என்ற சொல்லும் இருக்க வேண்டும். வாடகையையும் டெபாசிட்டையும் ஒரே தொகையாகக் கூட்டி எழுதும் ரசீதை ஏற்காதீர்கள். பின்னால் எது வாடகை, எது டெபாசிட் என்பதே தகராறாகிவிடும்.

வங்கிப் பரிமாற்றம் உள்ளூர்க்காரர்களுக்கு ஏற்றது. மலேசியாவின் சிறு கார் வாடகைக் கடைகள் பலவும் டெபாசிட்டைச் சில நாள் அல்லது ஓரிரு வாரம் கழித்து வங்கிக் கணக்கில் போடுவதாகச் சொல்கின்றன. இடையில் சம்மன் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது காரணம். காரணம் சரிதான். ஆனால் மலேசிய வங்கிக் கணக்கு இல்லாத பயணிக்கு அந்தப் பணம் எப்படி வந்து சேரும்? இந்தக் கேள்வியைக் காரைத் திருப்பும்போது கேட்டால் விடை கிடைக்காது. முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அங்கே நம்பகமான உறவினரோ நண்பரோ இருந்தால் அவருடைய கணக்கு எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லலாம்.

இன்னொன்று, சமூக ஊடகத்தில் மலிவு விலைக்குக் கார் என்று விளம்பரம் போட்டு, முன்பதிவு டெபாசிட்டைத் தனிநபர் கணக்கில் போடச் சொல்லி மறைந்துவிடும் கும்பல்கள். காரே இல்லாத கார் வாடகை. கம்பெனி பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் அனுப்பாமல் இருப்பதே முதல் தற்காப்பு. மோசடிக்குப் பயன்படும் கணக்கு எண்களையும் தொலைபேசி எண்களையும் சரிபார்க்க மலேசியப் போலீஸ் 'செமாக் மியூல்' என்ற இணையதளத்தை வைத்திருக்கிறது. பணம் போய்விட்டால் மலேசியாவுக்குள்ளிருந்து 997 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் மறிக்க முடியும்.

கிரெடிட் கார்டுதான் வெளிநாட்டுப் பயணிக்குப் பெரும்பாலும் பாதுகாப்பான வழி. காரணத்தைப் புரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். பெரிய நிறுவனங்கள் டெபாசிட்டைப் பொதுவாகக் கார்டிலிருந்து எடுப்பதில்லை, முடக்கி வைக்கின்றன. அந்தத் தொகை நம் கடன் வரம்பிலிருந்து குறையும், ஆனால் பில்லில் வராது. காரைத் திருப்பியதும் நிறுவனம் விடுவிக்கும், அதன்பின் நம் வங்கி அதைக் கணக்கில் காட்டச் சில நாள் எடுக்கும். இதற்கு மாறாக, சில கடைகள் டெபாசிட்டை உண்மையான செலவாகவே கார்டில் தேய்த்துவிட்டு, பிறகு திருப்பி வரவு வைக்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. செலவாகத் தேய்த்தால் ரிங்கிட் ஒரு நாள் விலையில் ரூபாயாக மாறி, இன்னொரு நாள் விலையில் திரும்பி வரும். அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். முழு டெபாசிட் திரும்பினாலும் கணக்கில் சில நூறு ரூபாய் குறைந்திருக்கும். டெபிட் கார்டு கொடுத்தால் பணம் சேமிப்புக் கணக்கிலிருந்தே போய்விடும். திரும்பி வரும்வரை அந்தப் பணத்தை விடுமுறையில் செலவழிக்க முடியாது. ஆகவே மேசையில் கேட்க வேண்டிய கேள்வி, "முடக்குகிறீர்களா, எடுக்கிறீர்களா?" என்பது. இயந்திரம் ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று கேட்டால் ரிங்கிட்டைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையை நிர்ணயிப்பது நம் வங்கியல்ல, அங்குள்ள இயந்திரத்தின் சேவை நிறுவனம்.

இந்தியக் கார்டுக்காரர்கள் இரண்டு செய்தியைக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். விமானம் ஏறும் முன் இதைச் செய்யாதவர்கள் மேசையில் கார்டு மறுக்கப்பட்டு, வேறு வழியின்றி ரொக்கத்தையும் பாஸ்போர்ட்டையும் நீட்டுகிறார்கள். அடுத்தது ஓடிபி. நம் ஊரில் ஓடிபி வராமல் கார்டில் பணம் போகாது என்று பழகிவிட்டோம். வெளிநாட்டுக் கடைக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இருந்ததில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு கார்டைக் கொடுத்தவரிடம், நாம் ஊர் திரும்பி வாரங்கள் கழித்தும் "சேதம்" என்று ஒரு தொகையை எடுக்க முடிகிறது. இதற்கு எளிய காவல் உண்டு. டெபாசிட் விடுவிக்கப்பட்டதும், பயணத்தில் கார்டுக்கு வேறு வேலை இல்லையென்றால், செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடிவிடுங்கள். கொடுக்க வேண்டிய உண்மையான சம்மனை ஏமாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கான ஆதாரத்தை அனுப்பிவிட்டுப் பணம் கேட்கட்டும், கொடுத்துவிடலாம். கேட்காமல் எடுக்கும் வழியை மட்டும் மூடுகிறோம்.

வண்டியைப் படம் எடுத்து வைக்க எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் நான்கு பக்கத்திலும் நான்கு படம் எடுத்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். தகராறுகள் அந்த நான்கு படத்தில் தெரியும் இடங்களில் வருவதில்லை. அவை வருவது சக்கர ரிம்மின் விளிம்பில், முன்பம்பரின் அடி உதட்டில், கதவுக் கைப்பிடிக்குப் பின்னாலுள்ள குழியில், முகப்புக் கண்ணாடியின் மிளகளவு தெறிப்பில், கூரையில். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் சாலையோரம் ஆழமான சாக்கடையும் உயர்ந்த கல்விளிம்பும் உண்டு. இணையாக நிறுத்தத் தெரிந்தவர்களின் ரிம்களும் அங்கே உரசுகின்றன. ஸ்கூட்டரானால் பிரேக் பிடியின் நுனி, சைலன்சர் மூடி, கண்ணாடித் தண்டு, கால் வைக்கும் பலகையின் கீழ்ப்பக்கம். முன்பு யாரோ சாய்த்திருந்தால் அடையாளம் இந்த நான்கில் ஒன்றில் இருக்கும். மழை பெய்து நனைந்த வண்டியில் கீறல் தெரியாது. துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அல்லது துடைக்கச் சொல்ல வேண்டும்.

நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுப்பது நல்லது. வண்டி எண், கிலோமீட்டர் எண், பெட்ரோல் முள், கடைப் பலகை எல்லாம் அந்த ஒரே ஓட்டத்தில் வரட்டும். எடுத்து முடித்ததும், வண்டியைக் கிளப்பும் முன், அதே வீடியோவைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். இந்த ஒரு செயல் மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது என்பது என் கருத்து. நம் போனில் மட்டும் இருக்கும் வீடியோவை எப்போது எடுத்தது என்று அவர் கேட்கலாம். அவருடைய போனில் காலை ஒன்பது மணிக்கு வந்து விழுந்த வீடியோவை அவரால் மறுக்க முடியாது. அதைவிட முக்கியம், இவர் ஆதாரம் வைத்திருக்கிறார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பெரும்பாலான கடைக்காரர்கள் நேர்மையானவர்கள், அவர்களுக்கு இது இடைஞ்சலே இல்லை. நேர்மையற்ற சிலர் எளிதான ஆளைத்தான் தேடுகிறார்கள்.

திருப்பும்போதும் இதே சடங்கு வேண்டும். கடை மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானத்துக்கு ஓடுவது, டெபாசிட்டை அவர் மனச்சாட்சியிடம் ஒப்படைப்பதாகும். விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே திருப்பத் திட்டமிடுங்கள். கடை ஊழியர் பார்த்து, "சேதமில்லை" என்று தாளில் எழுதிக் கையெழுத்திடட்டும்.

சேதம் தவிர்த்த பிடித்தங்களுக்குப் பினாங்கின் தனித்தன்மை உண்டு. பாலத்தில் டோல், தீபகற்பத்திலிருந்து தீவுக்கு வரும் பக்கத்தில் மட்டும். டோல் கட்டக் காரிலிருக்கும் டச் அண்ட் கோ கார்டு கடைக்காரருடையது என்றால் தொடக்க மீதியைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது நம் சொந்தக் கார்டை வாங்கிக்கொள்ளலாம். வாகன நிறுத்தக் கட்டணம் இப்போது பெரும்பாலும் செயலி வழி. கட்டியதன் திரைப்பிடிப்பைச் சேமித்து வைத்தால் மாநகர மன்றத்தின் அபராதச் சீட்டைப் பற்றிய தகராறு எழாது. சம்மன் வந்தது என்று பிடித்தால் அதன் நகலைக் கேளுங்கள். அதில் தேதி, நேரம், இடம், வண்டி எண் எல்லாம் இருக்கும், வண்டி நம்மிடம் இருந்த நேரம்தானா என்று ஒப்பிட்டுவிடலாம். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி கிடைக்கும் சம்மன்களும் உண்டு. கட்டிய தொகையின் ரசீதுப்படிதான் பிடிக்க வேண்டும், சம்மனில் அச்சிட்ட முழுத் தொகையை அல்ல.

பெட்ரோலில் புதிய சிக்கல் ஒன்று. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து ரான் 95 பெட்ரோல் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும் லிட்டர் 1.99 ரிங்கிட் என்ற மானிய விலை. அடையாள அட்டையைக் காட்டித்தான் அந்த விலை. வெளிநாட்டவர் மானியமில்லாத விலை கொடுக்க வேண்டும். முள் குறைந்திருக்கிறது என்று கடைக்காரர் பிடித்தால் எந்த விலைக்குப் பிடிக்கிறார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாமே பக்கத்து பங்கில் நிரப்பி ரசீதோடு திருப்புவது எல்லாவற்றையும்விடச் சுருக்கம்.

டுரியானைச் சொல்லாமல் பினாங்கு முடியாது. பழப் பருவத்தில் பாலிக் புலாவ் போகிறவர்கள் பழத்தைக் காரில் வைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். குளிரூட்டி வழியே இருக்கை முழுக்க ஏறும் அந்த மணம் நாள்கணக்கில் போகாது. வாடகை ஒப்பந்தங்களில் டுரியானுக்குத் தனி அபராதம் எழுதியிருப்பது இதனால்தான். அடுத்து வருகிறவருக்கு அந்தக் காரைக் கொடுக்க முடியாதென்றால் கடைக்காரரின் இழப்பு உண்மையானது. தோட்டத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதே சிறந்தது, சுவையும் அங்கேதான்.

டெபாசிட்டைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. டெபாசிட் குறைவு என்பதற்காகக் கடையைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். தீபகற்ப மலேசியாவில் கார் வாடகைக்கு விட 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். ஆனால் சொந்தக் காரை உரிமமின்றி வாடகைக்கு விடுகிறவர்கள் ஏராளம். சாதாரணத் தனியார் கார் காப்பீடு, வாடகைக்கு விட்ட காருக்குப் பொருந்தாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும், முழுத் தொகையும் ஓட்டியவர் தலையில் விழும். ஐம்பது ரிங்கிட் டெபாசிட் மிச்சம் பிடிக்கப் போய் ஐம்பதாயிரம் ரிங்கிட் வம்பில் மாட்டலாம். காப்பீட்டுத் தாளைக் காட்டச் சொல்லுங்கள், வாடகைப் பயன்பாட்டுக்கு என்று அதில் இருக்கிறதா பாருங்கள். வண்டிப் பதிவில் உரிமையாளர் பெயரும் கடையின் பெயரும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். நம் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். இந்திய உரிமத்தோடு, ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். இரு சக்கர வண்டிக்கான அனுமதி உரிமத்தில் இல்லாதவர் ஸ்கூட்டர் எடுப்பதும் காப்பீட்டை இழக்கும் வழியே.

சிறு விபத்தானாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் பதிய வேண்டும் என்பது மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். "நமக்குள் பேசி முடிப்போம்" என்று எதிர்வண்டிக்காரர் சொன்னாலும் பதிந்துவிடுங்கள். அந்தப் புகார் நகல் இல்லாமல் காப்பீடு நகராது, டெபாசிட்டும் திரும்பாது. கூடுதல் கட்டணம் கட்டினால் சேதத்துக்குப் பொறுப்பு குறையும் என்று மேசையில் விற்கப்படும் பாதுகாப்புத் திட்டங்களில் பெரும்பாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி சேராது. பழுதுபார்க்கும் நாட்களுக்கான வாடகை இழப்பும் தனியாகக் கேட்கப்படலாம். இவை சேருமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் பணம் திரும்பாவிட்டால்? மலேசியாவின் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை எடுக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. நல்ல அமைப்பு. ஆனால் விசாரணை நாளில் நாம் திருச்சியிலோ மதுரையிலோ இருப்போம். இன்னும் பினாங்கில் இருக்கும் நாட்களில் தகராறு எழுந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். ஆசியாவிலேயே பேர்பெற்ற பயனீட்டாளர் அமைப்புகளில் ஒன்று அது. 2019இல் காலமான எஸ்.எம். முகமது இத்ரிஸ் என்ற தமிழ் முஸ்லிம் பெரியவர் பல பத்தாண்டுகள் தலைமையேற்று வளர்த்தது. தமிழிலும் வெளியீடுகளைக் கொண்டுவரும் சங்கம், நம் மொழியில் முறையிடலாம்.

ஊர் திரும்பிவிட்டவருக்குக் கார்டு வங்கிதான் கதவு. கார்டில் எடுத்த தொகையை எதிர்த்துத் தகராறு பதிய வழக்கமாக 120 நாள் அளவில் காலம் உண்டு. அங்கே வெல்வது கோபக் கடிதமல்ல, ஆதாரம். ஒப்பந்தம், புறப்பாட்டு வீடியோ, திரும்பல் வீடியோ, வாட்ஸ்அப் நேரக்குறிப்பு, விளக்கம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல், அதற்கு வந்த அல்லது வராத பதில். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் தரலாம். தனித்தனியாக இருந்த குறைதீர்ப்புத் திட்டங்களை 2021இல் ஒரே திட்டமாக்கிவிட்டார்கள்.

தனி மனிதர் வீடியோ எடுத்துத் தன்னைக் காத்துக்கொள்வது ஒரு பாதி. மறுபாதியை அரசுகள் செய்ய வேண்டும், செய்தும் காட்டியிருக்கின்றன. ஐரோப்பாவில் புகார்கள் குவிந்ததால், அங்குள்ள பயனீட்டாளர் பாதுகாப்பு அதிகாரிகள் ஏவிஸ், யூரோப்கார், எண்டர்பிரைஸ், ஹெர்ட்ஸ், சிக்ஸ்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களோடும் பேசினார்கள். சேதத்துக்குப் பணம் எடுக்கும் முன் காரணத்தையும் ஆதாரத்தையும் காட்டி, மறுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது உட்பட மாற்றங்களுக்கு 2015இல் அவை ஒப்புக்கொண்டன. 2017 ஜனவரியில் மாற்றங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஐரோப்பிய ஆணையம் அறிவித்தது. அதற்குப் பிறகு தொழில்நுட்பம் வேறு பக்கம் போயிருக்கிறது. அமெரிக்க விமான நிலையங்களில் ஹெர்ட்ஸ் 2025இல் கொண்டுவந்த கேமரா வளைவுகள் காரை நொடியில் அலசி, மனிதக் கண் விட்டுவிடும் சிறு உரசலுக்கும் பில் போட்டதாகக் கண்டனம் எழுந்தது. துல்லியம் கூடுவது நல்லதுதான். ஆனால் அந்தத் துல்லியத்தின் படம் புறப்படும்போதே வாடிக்கையாளர் கைக்கும் வர வேண்டும்.

வீட்டு வாடகையில் உலகம் இதைவிட முன்னே போய்விட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரலிலிருந்து வீட்டு உரிமையாளர் வாடகை டெபாசிட்டை அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிய வேண்டும். தகராறு வந்தால் இரு தரப்பும் ஒப்பினால் அந்தத் திட்டத்தின் நடுவர் முடிவு சொல்வார். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும், வேறு உடன்பாடு இல்லாதபோது அட்வான்ஸை மூன்று மாத வாடகையோடு நிறுத்தச் சொல்கிறது. வாடகை வண்டிக்கு இப்படி எதுவும் இல்லை. தொகை சிறியது என்பதாலும், இழந்தவர் ஊரை விட்டுப் போய்விடுகிறார் என்பதாலும் யாரும் இதைக் கையில் எடுக்கவில்லை. ஆனால் ஒருவருக்குச் சிறிதாக இருக்கும் தொகை, ஆண்டு முழுக்க அந்த மேசைகளைக் கடக்கும் எல்லோருக்கும் சேர்த்துச் சிறிதல்ல.

மலேசியாவில் கார் வாடகைக்கு ஏற்கெனவே உரிமம் வழங்கும் அமைப்பு இருப்பதால், புதிய சட்டம் கூடத் தேவைப்படாது. உரிம நிபந்தனையாக நான்கு வரி சேர்த்தால் போதும்: புறப்பாட்டுப் படங்கள் இரு தரப்பிலும் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் அசலை வாங்கக் கூடாது, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ரசீதோ மதிப்பீடோ இணைக்க வேண்டும், குறித்த நாளுக்குள் மீதியைப் பணம் வந்த வழியிலேயே திருப்ப வேண்டும். நான்காவதுதான் வெளிநாட்டவருக்கு உயிர்நாடி. மோட்டார் சைக்கிள் கடைகளுக்கும் இதே நான்கைப் பினாங்கு மாநகர மன்றம் கடை உரிமத்தோடு சேர்க்கலாம். சூலியா தெருவின் நேர்மையான கடைகள் பலவும் இவற்றில் மூன்றை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கின்றன.